பூச்சிக்குடைக்கு ஒரு பேர்

பிள்ளைக்குப் பேர் வைப்பது லேசு. ஐயர் எழுத்தைச் சொன்னதும் தகப்பன் ஒன்று, தாய் ஒன்று, மாமி ஒன்று என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி, கடைசியில் யார் அதிகம் கோபிப்பார்களோ அவர்கள் சொன்ன பேர் நிலைத்துவிடும். பூவுக்குப் பேர் வைப்பதுதான் வில்லங்கம். அதுவும் இதுவரை யாரும் எழுதி வைக்காத பூ என்றால் அதன் இலையை அளக்க வேண்டும், இலையில் உள்ள மயிரை எண்ண வேண்டும், பூவைப் பிளந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், காயை வெட்டி விதை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று வரைய வேண்டும். எல்லாவற்றையும் செய்து முடித்து எழுதி அனுப்பினால், எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர், இதற்கெல்லாம் என்ன அத்தாட்சி என்று கேட்பார்.

சுலோஜனாவிடமும் அப்படித்தான் கேட்டார்கள்.

சுலோஜனா கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், தாவரவியல் படிப்பிக்கிறவள். மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்தில் பிறந்து வயல்வரம்பில் நடந்து பழகியவள். நாற்பத்திரண்டு வயது. இந்த ஒரு செடியோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவர்கள் இதற்குள் வெளிநாட்டுக்குப் போய்ப் பேராசிரியர்களாகித் தலைக்கு மையும் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் மட்டும் வாகரைக் காட்டில் ஒரு சாண் உயரச் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

அந்தச் செடியை அவள்தான் கண்டுபிடித்தாள் என்று கம்பஸில் பேச்சு. அது முழு உண்மை இல்லை. அவளுக்கு அதைக் காட்டித் தந்தது அன்னப்பூரணி.

அன்னப்பூரணி வாகரைக்கு மேற்கே காட்டோரத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவள். கச்சான் என்கிற நிலக்கடலையும் சோளமும் போடுவாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். காட்டுக்குள் வழிகாட்ட ஆள் வேண்டும் என்று சுலோஜனா முதன்முதலில் ஊருக்குள் விசாரித்தபோது எல்லோரும் ஆண்பிள்ளைகளின் பேராகவே சொன்னார்கள். அந்த ஆண்பிள்ளைகளிடம் போய்க் கேட்டால், "அதுக்கு அன்னம் அக்காதான் சரி மிஸ்" என்றார்கள். ஆகவே, வனத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தையும் செடிகளை அழுத்தி உலர்த்தும் பலகைகளையும் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் சுலோஜனா நடந்தாள்.

அது தை மாதம். மழை விட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலை, காட்டுக்கு நடுவில் எழுந்து நின்ற ஒரு கல்மலையின் சரிவில் அன்னப்பூரணி நின்றாள்.

"மிஸ், இஞ்ச வாங்க. இதையும் ஒருக்காப் பாருங்க."

கல்லின் வெடிப்பில் கையளவு மண். மண்ணோடு ஒட்டிப் படுத்திருந்த இரண்டு இலைகள். நடுவில் ஒரு தண்டு, தண்டில் ஒரு பூ. வெள்ளைப் பூவின் உள்ளே ஊதாக் கோடுகள் ஓடின. மேலிதழ் மட்டும் பின்னாலிருந்து எழுந்து முன்னுக்கு வளைந்து, மற்ற இதழ்களுக்குக் கூரை போட்டதுபோல் நின்றது. சுலோஜனா முழங்காலில் விழுந்தாள். கிழக்கில் பூக்கிற எதையும் கண்ட உடனே பேர் சொல்லக்கூடியவள் அவள். இதை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

"இதுக்கு என்ன பேர் அக்கா?"

அன்னப்பூரணி தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். கல்மலையின் உச்சியைப் பார்த்தாள். பிறகு, "பூச்சிக்குடை எண்டு சொல்லுறது" என்றாள்.

சுலோஜனா அதை அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

பேர் பிடித்துப்போயிற்று. பூச்சிகளுக்குக் குடை! ஊர்ச்சனம் சும்மா பேர் வைப்பதில்லை, அதற்குள் ஒரு விஷயம் இருக்கும் என்று வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்கிறவள் அவள். அடுத்த இரண்டு நாள் காலையிலும் கல்லின் மேல் வயிற்றில் படுத்தபடி, எந்தப் பூச்சி குடைக்குள் வருகிறது என்று பார்த்துக்கொண்டு கிடந்தாள். எறும்பு முதுகில் ஏறியது. சட்டை நனைந்தது. இரண்டாம் நாள் தூறல் போட்டபோது சின்னஞ்சிறிய தேனீ ஒன்று வந்து, மேலிதழுக்குக் கீழே ஒதுங்கி, மழை விடுமட்டும் இருந்துவிட்டுப் போனது. சுலோஜனாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஒரு தேனீயை வைத்துக் கட்டுரையில் முக்கால் பக்கம் எழுதினாள். பூவுக்கு லத்தீனில் வைக்கப்போகும் பேரையும் 'பூச்சிக்குடை' என்று பொருள்படவே தெரிவு செய்து வைத்தாள். அத்தனை நேரமும் அன்னப்பூரணி ஒரு பாலை மரத்தடியில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், கட்டுச்சோற்றுக்குக் காவல் இருந்தாள்.

பூக் கிடைத்துவிட்டது. காய் வேண்டும். அந்தக் காய்தான் எல்லாவற்றுக்கும் சாவி. ஏனென்றால் இந்தியாவின் தென்பகுதி மலைகளில் இதே போலப் பூக்கும் செடி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்று சொல்ல வேண்டுமானால் காயில்தான் வித்தியாசம் காட்ட வேண்டும். ஆனால் பூத்துச் சில கிழமைகளில் இந்தச் செடியின் இலை வாடிப்போகும். இலை போன பிறகுதான் காய் முற்றும். காயும் வெடித்து விதை சிந்திவிட்டால், அடுத்த மாரி மழைவரை மண்ணுக்குள் ஒரு சிறிய கிழங்குதான் மிச்சம். முதல் மூன்று வருடமும் சுலோஜனா போய்ச் சேருவதற்குள் காய் வெடித்துவிட்டது. நாலாம் வருடம் காய் முற்றும் நேரம் பார்த்து, காட்டிலும் கல்லிலும் விழாதவள் கம்பஸ் மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள்.

அந்தப் பங்குனியில் வாகரை பஸ்ஸில் ஒரு பொதி வந்தது. உள்ளே பத்திரிகைத் தாளில் பக்குவமாக மடித்த ஏழு காய்க்கொத்துகள். ஒவ்வொன்றிலும் காய்ந்த தண்டு இருந்தது, இலை இல்லை. கூடவே ஒரு போத்தல் முறிவெண்ணெய். எண்ணெயை எத்தனை தரம் பூச வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதியிருந்தது. காய்த்தாளின் மேலும் அதே அழகான கையெழுத்து: 'நாகக்குடைக் காய். கல்மலைச் சரிவு. பங்குனி 9.' அன்னப்பூரணியின் புருசனின் எழுத்து அது. அவரை ஊரில் எல்லோரும் முத்தண்ணன் என்பார்கள். பனிச்சங்கேணிப் பக்கம் வலைக்குப் போகிறவர். சீனி சுற்றி வந்த தாளைக்கூட உரத்து வாசித்துவிட்டுத்தான் கீழே போடுவார்.

பூச்சிக்குடை, நாகக்குடை. ஆண்கள் ஒரு பேர் சொல்வார்கள், பெண்கள் ஒரு பேர் சொல்வார்கள் போலிருக்கிறது என்று சுலோஜனா நினைத்துக்கொண்டாள். தாளில் இருப்பதை இருந்தபடியே எழுத வேண்டும் என்பது அவள் படித்த பாடம். ஆகவே கட்டுரையில் இரண்டு பேர்களையும் எழுதி, ஒரு தாவரவியல் சஞ்சிகைக்கு அனுப்பினாள்.

அதே வருடம் ஆவணியில் பதில் வந்தது. முதல் மூன்று பந்தியும் பாராட்டு. நாலாவதில் அடி. பூ எடுத்தபோது கட்டுரையாளர் பக்கத்தில் நின்றிருக்கிறார், காய் எடுத்தபோது நிற்கவில்லை. பூவின் ஊர்ப்பேர் பூச்சிக்குடை, காயின் ஊர்ப்பேர் நாகக்குடை. காயோடு இலையும் இல்லை. கொண்டு வந்து கொடுத்தவர்கள் இரண்டு செடிகளைக் கலந்துவிடவில்லை என்பது எப்படித் தெரியும்? மூன்று கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் கட்டுரையை ஏற்பதற்கில்லை.

சுலோஜனா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ஆவணியில் காட்டில் இலையும் இல்லை, பூவும் இல்லை. கம்பஸின் பின்பக்கம் சட்டியில் போட்ட விதைகள் மழை வராமல் முளைக்கமாட்டோம் என்று கிடந்தன. நான்கு வருடமும் இப்போது அன்னப்பூரணியின் ஒரு சொல்லில் வந்து நின்றது.

அக்கா அப்படிக் கலக்கமாட்டா என்று புறப்படும்போது நிச்சயமாக இருந்தது. ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டும்போதும் இருந்தது. வாகரை றோட்டில் பஸ் தனியாக ஓடத் தொடங்கியதும் அந்த நிச்சயம் மெல்ல மெல்லக் கழன்றது. ஒரே செடிக்கு ஒரே வீட்டில் இரண்டு பேர் எப்படி வரும்? நாகக்குடை என்ற பேரை அக்காவின் வாயால் ஒருநாளும் கேட்டதில்லையே. தனக்கு உதவ வேண்டும் என்ற அவசரத்தில், போன வருடங்களைப் போல இந்த முறையும் காயைத் தவற விட்டுவிடக் கூடாதென்று, பக்கத்தில் நின்ற வேறெதையோ பிடுங்கி அனுப்பியிருந்தால்? இப்படி நினைப்பதே பாவமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

அன்னப்பூரணி முற்றத்தில் சாக்கை விரித்துக் கச்சான் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க மிஸ்! கால் எப்பிடி? எண்ணெய் பூசின நீங்களா, இல்லாட்டி போத்தல அப்பிடியே வெச்சிட்டீங்களா?"

"பூசினன் அக்கா. இப்ப ஓடவும் ஏலும்."

தேத்தண்ணி வந்தது. கச்சான் அவித்து வந்தது. மகள் நிலக்சி திருகோணமலையில் தாதியாக இருக்கும் கதை வந்தது. சுலோஜனா நல்ல சொல்லாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் மிக மோசமான சொல்லாகப் பார்த்து எடுத்தாள்.

"அக்கா, அந்தக் காய்... அது பூச்சிக்குடைலதான் ஆய்ஞ்சதா? மாறி வேற எதிலயும் ஆய்ஞ்சிருப்பீங்களா?"

"அதிலதான் ஆய்ஞ்சன்."

"அப்ப தாள்ல ஏன் நாகக்குடை எண்டு கிடக்கு?"

"அது நிலக்சிட அப்பா எழுதினது."

"ரெண்டும் ஒண்டா, வேறயா?"

"ஒண்டுதான்."

"ஒண்டெண்டா நீங்க ஏன் அக்கா ஒருநாளும் நாகக்குடை எண்டு சொல்லல்ல?"

அன்னப்பூரணி கச்சானைக் கிளறுவதை நிறுத்தினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கழுத்துவரை சிவந்துபோயிற்று. அதைப் பார்த்த சுலோஜனாவுக்கு, ஐயோ, அக்கா எதையோ மறைக்கிறா என்றே பட்டது. அந்த நினைப்பு அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறீங்க, என்ன மிஸ்?"

"அப்பிடி இல்ல அக்கா..."

"ஒழும்புங்க. வாங்க என்னோட."

அன்னப்பூரணி மண்வெட்டியை எடுத்தாள். துவாயைத் தலையில் இறுக்கிக் கட்டினாள். கல்மலைக்கு முக்கால் மணித்தியால நடை. வழக்கமாக அந்த வழி முழுக்க அவள் கதைத்துக்கொண்டே போவாள். எந்த மரத்தில் தேன் இருந்தது, எந்தத் திருப்பத்தில் பெரியவர் நின்றார் என்று சொல்வாள். காட்டுக்குள் யானையின் பேரை வாயில் எடுக்கக் கூடாது, பெரியவர் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு சொல் இல்லை. காலடியில் சருகு மட்டும் நொறுங்கியது. கட்டுரை போனால் போகட்டும், இந்த மனுசி திரும்பவும் தன்னோடு பழையபடி கதைப்பாளா என்பதே அப்போது சுலோஜனாவுக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

சரிவு காய்ந்து வெறிச்சோடிக் கிடந்தது. வெடிப்புகளில் ஏழு குச்சிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் வெளுத்த நீலச் சேலைத்துண்டு ஒன்று முடிந்திருந்தது.

"பூ நிக்கக்குள்ளயே குத்தி வெச்சன்" என்றாள் அன்னப்பூரணி. இப்போது கோபம் போய்க் குரல் உடைந்திருந்தது. "இலை விழுந்தா எது எங்க நிண்டதெண்டு தெரியாதெல்லோ. மூண்டு நாளைக்கு ஒருக்கா வந்து பாத்தன். பதினொரு தரம் வந்தன் மிஸ். நீங்க காலோட கிடக்கிறீங்க, இந்த வருசமும் தவறினா நீங்க என்ன செய்வீங்க எண்டுதான் வந்தன்."

சொல்லிவிட்டு ஒரு குச்சியின் அடியில் மண்ணைப் பதமாக நகர்த்தினாள். பாக்களவு கிழங்கு வெளியே வந்தது. காய்க்கொத்தை நறுக்கிய தண்டின் அடிக்கட்டை அதன் தலையில் காய்ந்து ஒட்டியிருந்தது. அடிக்கட்டையின் இரு பக்கத்திலும் இரண்டு இலை நின்ற அடையாளம். கிழங்கைக் கையில் வாங்கிய சுலோஜனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த விஞ்ஞானக்காரனும் இதைவிடத் துப்புரவாக வேலை செய்யமாட்டான்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா."

"அத விடுங்க. போட்டோவ எடுங்க, வெயில் ஏறுது."

செடி ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. பேர் ஏன் இரண்டு என்பது தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும், காய் எடுத்தவர்களின் வாக்குமூலமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். அன்னப்பூரணியின் முழுப்பேரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினாள்.

"அண்ணன்ட முழுப்பேர் என்ன அக்கா? எனக்கு முத்தண்ணன் எண்டு மட்டும்தான் தெரியும்."

அன்னப்பூரணி எழுந்து உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. வந்து, புருசனின் அடையாள அட்டையை நீட்டினாள்.

"இதுல கிடக்கு. பாத்து எழுதுங்க."

சுலோஜனா பார்த்து எழுதினாள். கந்தப்பன் என்று எழுதினாள். நாக என்று எழுதினாள். முத்து என்று முடிக்கும் முன்னர் பேனை நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். அன்னப்பூரணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கல்மலையில் பேர் கேட்ட அன்று உச்சியைப் பார்த்த அதே முகத்தோடு.

"அக்கா," என்றாள் சுலோஜனா மெதுவாக, "படமெடுக்கிற பாம்ப நீங்க என்னெண்டு சொல்லுவீங்க?"

"பூச்சி."

"ஊருக்குள்ள, பால் வைக்கிற அந்தக் கோயில்?"

"தம்பிரான் கோயில்."

நாகதம்பிரான் கோயிலை நாகத்தை விட்டுவிட்டுச் சொல்கிற மனுசி! முப்பத்தொரு வருடமாகப் புருசனின் பேரையும், அந்தப் பேருக்குள் இருக்கிற எந்தச் சொல்லையும் வாயில் எடுக்காதவள். நாகக்குடை என்று அவள் எப்படிச் சொல்வாள்? நல்லபாம்பு குடை பிடித்ததுபோல மேலிதழ் எழுந்து நிற்கிற பூவுக்கு ஊர் வைத்த பேர் நாகக்குடை. அவள் வாயில் அது பூச்சிக்குடை. தேனீக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அப்ப நான் ரெண்டு நாள் வயித்தில கிடந்து பூச்சி பாத்தேனே அக்கா! ஒரு சொல்லுச் சொல்லப்படாதா?"

"நானும்தான் யோசிச்சன், மிஸ் என்னத்துக்கு இப்பிடிக் கிடக்குறா எண்டு. படிச்ச ஆக்கள் எல்லாத்தையும் பாப்பாங்க எண்டு விட்டுட்டன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கச்சான் சாக்கின் மேல் இரண்டு பேரும் சரிந்துவிட்டார்கள். சிரித்து முடிந்ததும் அன்னப்பூரணி கண்ணைத் துடைத்தபடி சொன்னாள்:

"அந்த நாள்ல ஆமிக்காரன் மறிச்சுப் புருசன்ட பேர் என்னெண்டு கேட்டப்பவும் இப்பிடித்தான் அட்டைய நீட்டினன். பேர் சொல்ல மாட்டியா எண்டு பேசினான். அவனுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துற?"

சுலோஜனாவுக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் துண்டு எழுதுகிறவர் கேட்கும்போதெல்லாம் அவளுடைய அம்மா அவளை முழங்கையால் இடித்து, "நீ சொல்லு புள்ள" என்பாள். வினாயகமூர்த்தி என்று அப்பாவின் பேரைச் சொல்வது சின்ன வயதிலிருந்தே சுலோஜனாவின் வேலை. யானையைப் பெரியவர் என்பதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் போட்டவள், தன் வீட்டில் தினமும் நடந்ததைக் காட்டில் கண்டபோது அடையாளம் காணவில்லை. பூச்சியைத் தேடிக்கொண்டு போனாள்.

விளக்கக் கடிதம் எழுத இரண்டு நாள் பிடித்தது. கிழங்கின் படமும் ஏழு குச்சிகளின் படமும் வைப்பது லேசாக இருந்தது. எங்கள் பக்கத்தில் மனைவி கணவனின் பேரைச் சொல்வதில்லை, அந்தப் பேரை ஒட்டிய சொல்லையும் தவிர்ப்பாள், ஆகவே பூச்சிக்குடையும் நாகக்குடையும் ஒரே பேர்தான் என்று ஒரு தாவரவியல் சஞ்சிகைக்கு எழுதுவதுதான் பாடாக இருந்தது. எழுதினாள். தேனீயைப் பற்றிய முக்கால் பக்கத்தையும் தன் கையாலேயே வெட்டினாள். பத்து நாளில் பதில் வந்தது. கட்டுரை ஏற்கப்பட்டது. பல வருடமாக இந்த வேலை செய்கிறேன், இப்படி ஒரு விளக்கம் எனக்கு வந்ததில்லை, அந்தத் தம்பதிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும் என்று அந்த முகம் தெரியாதவர் அடியில் எழுதியிருந்தார்.

லத்தீன் பேர் ஒன்றுதான் மிச்சம். பூச்சிக்குடை இனிச் சரிவராது. நாகக்குடை என்று வைக்கலாம், ஊர்ப்பேரும் அதுதான். ஆனால் அப்படி வைத்தால், அதைக் காட்டித் தந்தவள், பதினொரு தரம் மலையேறிக் காவல் காத்தவள், ஆயுளுக்கும் அந்தப் பேரைச் சொல்லமாட்டாள். சுலோஜனா ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தாள். பிறகு எழுதிவிட்டாள்.

அடுத்த தையில் அச்சான கட்டுரையை எடுத்துக்கொண்டு வாகரைக்குப் போனாள். முதல்நாள்தான் மழை விட்டிருந்தது. கல்மலையில் பூக்கத் தொடங்கியிருக்கும், நாளைக்குப் போவோம் என்று சொல்லிவிட்டு அன்னப்பூரணி அடுப்படிக்குள் போனாள். மீன் தாளிக்கிற மணம் வந்தது. நாகமுத்து வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை வாங்கினார். கட்டுரை இங்கிலீசில் இருந்தது. அவருக்கென்று சுலோஜனா ஓரத்தில் தமிழில் எழுதிக் கொண்டு வந்திருந்தாள்.

அவர் வழக்கம் போல உரத்து வாசித்தார். மட்டக்களப்பு மாவட்டம், வாகரைக்கு மேற்கே என்று வாசித்தார். இலை இரண்டு, நிலத்தோடு ஒட்டியது என்று வாசித்தார். ஊர்ப்பேர் நாகக்குடை என்று வாசித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் பார்த்துக் குறும்பாகச் சிரித்தார். அடுத்த வரிக்கு வந்ததும் சத்தம் நின்றது.

கண்ணாடி சரியில்லை போல என்று சுலோஜனா குனிந்து பார்த்தாள். செடியின் புதிய பேர் இருந்த வரி அது. கிழவரின் விரல் அந்த எழுத்துகளின் மேல் நின்றது.

"இது அவட பேரெல்லோ மிஸ்" என்றார், சத்தத்தைத் தாழ்த்தி.

"ஓம் அண்ணன். இனி உலகத்தில எல்லா நாட்டிலயும் இந்தச் செடிக்கு இதுதான் பேர். எவராலயும் மாத்த ஏலாது."

"அப்பிடியா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார். "வாசிக்க ஏலாமக் கிடக்கு."

"எழுத்துச் சின்னதா அண்ணன்?"

"எழுத்துப் பெரிசுதான். 'இஞ்சேரு', 'நிலக்சிட அம்மா' எண்டுதான் நான் அவவக் கூப்பிடுற. கலியாணங் கட்டின நாள்ல இருந்து நானும் அவட பேரச் சொன்னதில்ல. என்னை ஆரும் சொல்லாத எண்டு சொல்லல்ல, ஆம்பிளைக்கு ஆர் தடை? எண்ட பேர அவ வாயில எடுக்காம இருக்கக்குள்ள நான் மட்டும் அவட பேரத் தூக்கிக்கொண்டு திரியுறது நியாயமில்ல எண்டு விட்டுட்டன்."

சுலோஜனா நான்கு வருடமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறாள். இதையும் அவள் கவனிக்கவில்லை.

"பின்னுக்கு 'யே' எண்டு கிடக்கே, அது என்ன?"

"அது லத்தீன் அண்ணன். பொம்பிளைட பேர வெச்சா கடைசியில அப்பிடி ஒரு 'ஏ' வரும். அது அந்தப் பாஷைட முறை."

"நம்மட பாஷையில அது கூப்பிடுறது மிஸ்."

அவள் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. அவர் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். சீனித்தாளை வாசிக்கும் அந்தப் பெரிய குரல் எங்கோ போயிருந்தது. ஆனாலும் சொல் தெளிவாக வந்தது.

"அன்னப்பூரணியே."

அடுப்படியில் அகப்பையின் சத்தம் நின்றது. எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. வாசலில் இருந்த இரண்டு பேரும் அசையவில்லை.

"ஓம்," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "இந்தா, வாறன்."